கேசட்டில் ஏற்றிய கணினி விளையாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீட்டுக் கணினியோ ஒரு பெட்டி கேசட்டோ பரணிலிருந்து கீழே இறங்கியதும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே, பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறோம். கையில் மெஷினோடு அவசரமாக வந்தவர்கள் "பிளக் சொருகலாமா" என்ற கேள்வியை மட்டுமாவது முதலில் படித்துவிடுங்கள்.

வீட்டுக் கணினின்னு எந்த மெஷினையெல்லாம் சொல்றீங்க?

1977-ல் ஆப்பிள் 2, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 மூன்றும் வந்தன. 1981-ல் பிபிசி மைக்ரோ, 1982-ல் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமும் கமடோர் 64-ம், 1983-ல் எம்எஸ்எக்ஸ், 1984-ல் ஆம்ஸ்ட்ராட் சிபிசி. எல்லாமே 8-பிட் கணினிகள். இந்தப் பக்கம் பெரும்பாலும் ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 இரண்டையும் பற்றியது. கேசட்டைப் பற்றிச் சொல்வது மற்றவற்றுக்கும் பொருந்தும்.

ஸ்பெக்ட்ரமில் 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80ஏ செயலி, 16 அல்லது 48 கிலோபைட் நினைவகம். கமடோர் 64-ல் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ் 6510 செயலி, 64 கிலோபைட். வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு ஸ்பெக்ட்ரம்தான் பலசாலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கமடோரில் படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனி சிப் இருந்தது. ஸ்பெக்ட்ரமில் உருவத்தை நகர்த்துவது முதல் 'பீப்' ஒலி எழுப்புவது வரை எல்லாம் அந்த ஒற்றை இசட்80 தலையில்தான்.

பாட்டு கேக்குற கேசட்டுல கேம் எப்படி இருந்துச்சு?

ஒலியாகத்தான் இருந்தது. ஸ்பெக்ட்ரமில் 0 என்ற பிட் சுமார் 2,000 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று. 1 என்ற பிட் அதைவிட இரு மடங்கு நீளமான, சுமார் 1,000 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று. ஒலி எவ்வளவு உரக்க இருக்கிறது என்பதைக் கணினி கவனிப்பதில்லை. அலை எப்போது திசை மாறுகிறது என்று மட்டும் பார்த்து இடைவெளியை எண்ணும். தகவல் தொடங்கும் முன் சுமார் 800 ஹெர்ட்ஸில் ஒரே சீராக ஒரு முன்னோட்ட ஒலி வரும். "வரப்போகிறது, தயாராக இரு" என்று அது சொல்கிறது.

ஒலிதான் என்பதால் சாதாரண டேப் ரெக்கார்டரே போதுமானதாக இருந்தது. நெதர்லாந்தில் என்ஓஎஸ் வானொலி, நிரல்களை இதே முறையில் ஒலிபரப்பவே செய்தது. கேட்டவர்கள் வானொலியிலிருந்து கேசட்டில் பதிந்து கணினியில் ஏற்றிக்கொண்டார்கள்.

லோட் ஆகும்போது திரை ஓரத்துல கோடு கோடா ஓடுமே, அது அழகுக்கா?

அழகுக்கு இல்லை. ஒவ்வொரு முறை அலை திசை மாறும்போதும் ஸ்பெக்ட்ரம் ஓரத்தின் நிறத்தை மாற்றுகிறது. முன்னோட்ட ஒலியின்போது சிவப்பும் வெளிர்நீலமும் தடித்த பட்டைகளாக மெல்ல உருளும். தகவல் வரும்போது நீலமும் மஞ்சளும் மெல்லிய கோடுகளாகத் துடிக்கும்.

இந்த வரிசையை நினைவில் வையுங்கள்: சுமார் 5 விநாடி சிவப்பு-வெளிர்நீலம், ஒரு நொடி கூட நிற்காத நீல-மஞ்சள் (பெயரைச் சொல்லும் 17 பைட் முகப்பு), சிறு அமைதி, மறுபடி 2 விநாடி சிவப்பு-வெளிர்நீலம், பிறகு நீளமான நீல-மஞ்சள். எங்கே அறுபடுகிறது என்று பார்த்தாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். கீழே லோடிங் எரர் பற்றிய பதிலில் இது உதவும்.

ஒரு கேம் ஏற ஏன் அஞ்சு நிமிஷம் ஆச்சு?

0 சிறிய அலை, 1 பெரிய அலை என்பதால் ஸ்பெக்ட்ரமின் வேகம் நிரந்தரமானது அல்ல. சராசரியாக நொடிக்கு 170 பைட் என்று வைத்துக்கொள்ளலாம். முகப்புப் படம் மட்டும் 6,912 பைட், அதற்கே சுமார் 40 விநாடி. பயன்படுத்தக்கூடிய நினைவகத்தை முழுவதும் நிரப்பும் விளையாட்டுக்கு 4 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

கமடோர் 64 இன்னும் மெதுவானது, காரணம் அதன் எச்சரிக்கை. எல்லாத் தகவலையும் டேப்பில் இரண்டு முறை எழுதும். முதல் பதிவில் பிழை இருந்தால் இரண்டாவதிலிருந்து திருத்திக்கொள்ளும். கடையில் வந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஒரு சிறிய 'டர்போ' ஏற்றியை மட்டும் அந்த மெதுவான முறையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பல மடங்கு வேகத்தில் ஏற்றின. ஏறும் நேரத்தில் இசை வாசித்தது, படம் காட்டியது எல்லாம் இந்தத் தனி ஏற்றிகளின் கைவண்ணம்.

படம் மேலேருந்து கீழே ஒழுங்கா வராம விட்டு விட்டு வருமே?

ஸ்பெக்ட்ரம் திரையில் 192 வரிகள். நினைவகத்தில் அது மூன்று பங்காக, 64 வரி வீதம் பிரிந்து கிடக்கிறது. ஒரு பங்குக்குள் முதலில் 0, 8, 16 என்று எட்டெட்டாகத் தாவும் வரிகள், அடுத்து 1, 9, 17, இப்படியே போகும். ஓர் எழுத்து 8 வரி உயரம். அடுத்த வரியின் முகவரிக்கு 256-ஐக் கூட்டினால் போதும் என்றால் எழுத்தை வரைவது இசட்80-க்கு எளிது. அந்த வசதிக்காகச் செய்த அமைப்பு, கேசட்டிலிருந்து நேராக ஏறும்போது அப்படியே கண்ணில் படுகிறது.

நிறம் தனியாகக் கடைசி 768 பைட்டில் வரும். அதனால்தான் படம் முழுவதும் கறுப்பு வெள்ளையில் ஏறி நின்று, கடைசி நாலைந்து நொடியில் மேலிருந்து கீழாக மளமளவென்று நிறம் பூசிக்கொள்ளும். அந்தக் கணத்துக்காகவே காத்திருந்தவர்கள் ஏராளம்.

பரண்ல கிடந்த மெஷினை எடுத்திருக்கேன். பிளக் சொருகலாமா?

வேண்டாம். கமடோர் 64 என்றால் கண்டிப்பாக வேண்டாம். அதன் பழைய மின்பெட்டி இரண்டு மின்னழுத்தங்கள் தருகிறது: 5 வோல்ட் நேர் மின்சாரம், 9 வோல்ட் மாறு மின்சாரம். வயதாகும்போது அந்த 5 வோல்ட் சீராக்கி கெடும். கெடும்போது அழுத்தம் குறைவதில்லை, ஏறுகிறது. ஏறினால் முதலில் சாவது நினைவகச் சிப்புகள். கணினியில் மாட்டாமல் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 5.25 வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடுங்கள். சரியாகக் காட்டினாலும் நம்பிவிட முடியாது. சூடேறி அரை மணி கழித்து ஏறும் பெட்டிகள் உண்டு. புதிதாகத் தயாராகும் மாற்று மின்பெட்டி வாங்குவதே எங்கள் பரிந்துரை. மற்ற எந்தச் செலவையும் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் நேர் மின்சாரம், சுமார் 1.4 ஆம்பியர். இங்கே ஆபத்து வேறு: அதன் பிளக்கில் நடு முனை எதிர்மின். இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை நேர்மின். பிளக் பொருந்துகிறதே என்று சொருகினால் உள்ளே சேதம்தான். பழைய அசல் அடாப்டர், சுமை இல்லாமல் அளந்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும். சீராக்கி கணினிக்குள் இருப்பதால் அது கோளாறு அல்ல.

ஸ்பெக்ட்ரம் ஆன் ஆகுது, ஆனா சில பட்டன் வேலை செய்யல.

வரிசையாக ஐந்து விசைகள் செத்திருந்தால் விசைப்பலகையின் மெல்லிய சவ்வுதான் காரணம். அதிலிருந்து இரண்டு ரிப்பன் வால்கள் பலகைக்கு இறங்கும். காலப்போக்கில் காய்ந்து, மூடியைத் திறந்தவுடனேயே மடிப்பில் ஒடிந்துவிடும். ஒட்டுவதில் பயனில்லை. புதிய சவ்வுகள் இன்றும் தயாராகின்றன. மூடியைத் திறக்கும்போது ஒரு கைவிரல் அளவுக்கு மேல் தூக்காமல், வாலை முதலில் நேராக மேலே இழுத்து எடுங்கள்.

விசைகள் பிரச்சினை இல்லை, திரையில் செங்குத்துக் கோடுகளோ சிதறலோ மட்டும் நிற்கிறது என்றால் கீழ் 16 கிலோபைட் நினைவகமும் அதற்கு +12, −5 வோல்ட் தரும் சிறிய மாற்றியும் சந்தேகத்துக்குரியவை. டிஆர்4 என்று பலகையில் குறித்த டிரான்சிஸ்டர் அடிக்கடி போகும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் அதை அனுபவசாலியிடம் விடுவது நல்லது.

இப்போ இருக்கற டிவில மாட்ட முடியுமா?

கமடோர் 64-க்கு எளிது: பின்னால் உள்ள வட்ட வீடியோ துளையிலிருந்து காம்போசிட் கேபிள். 8 முனைத் துளை உள்ள மாடல்களில் எஸ்-வீடியோ வகைக் கேபிள் போட்டால் எழுத்து இன்னும் கூர்மை.

ஸ்பெக்ட்ரம், ஆன்டெனா துளை வழியாக யுஎச்எஃப் சேனல் 36-ல் வரும். அனலாக் டியூனர் உள்ள டிவி வேண்டும். இல்லையென்றால் உள்ளே உள்ள தகர மாடுலேட்டர் பெட்டிக்குப் போகும் வீடியோ கம்பியைக் கழற்றி, அதே துளையின் நடு முனையில் சேர்த்தால் காம்போசிட் வெளியே வரும். பெட்டிக்குள் ஏற்கனவே அந்த முனையோடு இணைந்திருக்கும் மின்தடையைத் துண்டிக்க மறந்தால் படம் மங்கலாக இருக்கும். எந்த டிவி ஆனாலும் 'கேம் மோடு' போடுங்கள். ஏன் என்பது எமுலேட்டர் (பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) பற்றிய கேள்வியில் இருக்கிறது.

கடைசி நிமிஷத்துல "ஆர் டேப் லோடிங் எரர்"னு வந்துடுது. என்ன பண்றது?

முதலில் சுத்தம். கேசட் மூடியைத் திறந்து ப்ளே அழுத்தினால், டேப்பைப் படிக்கும் ஹெட் முன்னே வரும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பழுப்புப் படிவு வருவது நிற்கும் வரை துடையுங்கள். பக்கத்தில் உள்ள ரப்பர் உருளையைச் சற்று ஈரமான துணியால் மட்டும். ஆல்கஹால் ரப்பரை உலர்த்தும். கேசட்டை ஒருமுறை முழுவதும் முன்னோக்கி ஓட்டி, மறுபடி பின்னோக்கிச் சுற்றுங்கள். பல ஆண்டு அசையாமல் கிடந்த டேப் ஒன்றோடொன்று ஒட்டி இழுபடும். அந்த இழுவை வேகத்தைக் குலைக்கும்.

அடுத்து ஒலி அளவு. பாஸ் குறைத்து, ட்ரெபிள் முழுவதும் ஏற்றி, வால்யூம் முக்காலில் தொடங்குங்கள். முன்னோட்டப் பட்டைகளே வராவிட்டால் ஒலி குறைவு அல்லது கேபிள் கோளாறு. பட்டைகள் சீராக உருண்டு, நீல-மஞ்சள் தொடங்கியதும் எரர் என்றால் பெரும்பாலும் ஒலி அதிகம் அல்லது ஹெட் சாய்ந்திருக்கிறது. பட்டைகள் உருளும்போதே ஒரு நேரம் அகன்றும் ஒரு நேரம் ஒடுங்கியும் போனால் வேகம் நிலையாக இல்லை, பெல்ட் தளர்ந்திருக்கும். பெல்ட் உருகிக் கறுப்புப் பிசினாகியிருந்தால் சக்கரங்களிலிருந்து அதை முழுவதும் வழித்தெடுத்த பிறகே புதியதைப் போட வேண்டும். டால்பி இரைச்சல் குறைப்பு இருந்தால் அணையுங்கள். ஸ்டீரியோ ரெக்கார்டரில் ஒரு பக்கச் சேனல் மட்டும் எடுத்தால் தேறும் கேசட்டுகள் உண்டு.

எப்போதும் அதே இடத்தில், அதே நொடியில் எரர் வருகிறதா? அப்படியானால் ரெக்கார்டர் மேல் பழியில்லை, அந்த இடத்தில் டேப் அடிபட்டிருக்கிறது. மறுபக்கத்தை முயலுங்கள்; பல நிறுவனங்கள் இரு பக்கத்திலும் ஒரே விளையாட்டைப் பதிந்து தந்தன. கமடோருக்கென்றே வந்த டேப் ரெக்கார்டரான டேட்டாசெட்டில் வால்யூமே கிடையாது, ஆகவே அங்கே சுத்தம், பெல்ட், ஹெட் மூன்றும்தான்.

ஒரு ரெக்கார்டர்ல ஏறுற கேசட் இன்னொண்ணுல ஏறவே மாட்டேங்குதே?

ஹெட்டின் சாய்வு, அதாவது அசிமுத், இரண்டு ரெக்கார்டர்களிலும் வேறு. ஹெட்டின் இடைவெளி டேப்புக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் உயர் ஒலிகள் மழுங்கும். 0-வின் குறுகிய அலை முதலில் கெடும். ஹெட் பக்கத்தில் ஸ்பிரிங் உள்ள சிறிய ஸ்க்ரூ இருக்கும். பெரும்பாலான ரெக்கார்டர்களில் மூடிய நிலையிலேயே அதை எட்டும் சிறு துளை உண்டு. கேசட்டை ஓடவிட்டு, ஒலியைக் காதில் கேட்டபடி மெல்லிய திருப்புளியால் கால் சுற்றுக்குள் முன்னும் பின்னும் திருப்புங்கள். ஒலி சீறலாகக் கூர்மையாகும் ஒரு புள்ளி தெளிவாகத் தெரியும், அங்கே நிறுத்துங்கள்.

திருப்புமுன் ஸ்க்ரூவின் நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கேசட்டுக்காகத் திருப்பினால், அதே ரெக்கார்டரில் நீங்கள் அன்று சேமித்த சொந்த நிரல்கள் ஏறாமல் போகும். சொந்தப் பதிவுகள் நிறைய இருந்தால் அந்த ரெக்கார்டரைத் தொடாமல், வேறொன்றைத் திருப்பலுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேசட்டெல்லாம் போயிடும்னு பயமா இருக்கு. எப்படி மாத்தி வைக்கிறது?

பயம் நியாயமானது. இருப்பதில் அவசரமான வேலையும் இதுவே. கடையில் வாங்கிய விளையாட்டுகளை யாராவது எங்காவது காப்பாற்றியிருப்பார்கள். நீங்கள் தட்டச்சு செய்து சேமித்தது உலகில் உங்களிடம் மட்டும்தான் இருக்கும். அவற்றை முதலில் எடுங்கள்.

முந்தைய இரண்டு பதில்களில் சொன்ன சுத்தமும் அசிமுத்தும் முடித்துவிட்டு, ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து இன்றைய கணினியின் லைன்-இன்னுக்குக் கேபிள் போடுங்கள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ, டபிள்யூஏவி. ஒலியின் உச்சம் வெட்டுப்படாமல், முழு அளவில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு, இரைச்சல் நீக்கம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இரைச்சல் நீக்கி அலையின் விளிம்பையே தேய்த்துவிடும். பதிந்த பிறகு, ஸ்பெக்ட்ரம் என்றால் மேக்டிஇசட்எக்ஸ், கமடோர் என்றால் ஆடியோடேப், டேப்கிளீன் போன்ற கருவிகள் அதை எமுலேட்டர் படிக்கும் கோப்பாக்கும். மாற்றிய பிறகும் டபிள்யூஏவியை அழிக்காதீர்கள்.

ப்ளே அழுத்தும் முன் கேசட்டுக்குள் டேப்பின் பின்னால் உள்ள சிறிய பஞ்சு மெத்தை இருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் டேப் ஹெட்டில் பதியாது. ஐந்து ஸ்க்ரூ உள்ள வேறொரு கேசட் கூட்டைத் திறந்து, சுருளை அதில் மாற்றினால் சரியாகிவிடும்.

எம்பி3-யா வெச்சா இடம் மிச்சமாகுமே?

வேண்டாம். காதுக்குக் கேட்காததை எம்பி3 கழித்துவிடும்; கணினி எண்ணுவது அந்த விளிம்புகளைத்தான். இடம் மிச்சம் வேண்டுமென்றால், எதையும் கழிக்காமல் சுருக்கும் ஃப்ளாக்.

டேப் கோப்பு இறக்கினேன், எமுலேட்டர் திறக்கவே மாட்டேங்குது.

'டேப்' என்ற பின்னொட்டு இரண்டு வெவ்வேறு வகைக் கோப்புகளுக்கு உண்டு. ஸ்பெக்ட்ரமின் டேப் கோப்பில் பைட்டுகள் மட்டும் இருக்கும். கமடோரின் டேப் கோப்பில் ஒவ்வொரு அலையின் நீளமும் இருக்கும். ஒன்றை இன்னொன்றில் திறக்க முடியாது. தனி ஏற்றி கொண்ட ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளுக்கு டேப் கோப்பு போதாது, அலையின் விவரத்தையும் வைத்திருக்கும் டிஇசட்எக்ஸ் கோப்பு வேண்டும். ஸ்பெக்ட்ரமுக்கு ஃப்யூஸ், கமடோருக்கு வைஸ் என்ற எமுலேட்டர்களில் தொடங்கினால் பெரும்பாலும் சிக்கல் வராது.

போன்லேருந்து நேரா பழைய மெஷினுக்கு லோட் பண்ணலாமா?

ஸ்பெக்ட்ரமில் தாராளமாக. டிஇசட்எக்ஸை டபிள்யூஏவி ஆக்கி, 3.5 மில்லிமீட்டர் கேபிளில் 'இயர்' துளைக்குக் கொடுங்கள். கணினியில் ஜே விசையை அழுத்தினால் 'லோட்' என்ற சொல் முழுதாக வந்துவிடும், சிம்பல் ஷிஃப்டோடு பி-யை இரண்டு முறை அழுத்தினால் இரு மேற்கோள் குறிகள், பிறகு என்டர். போனில் ஈக்வலைசர் அணைந்து, வால்யூம் முழுவதும் இருக்க வேண்டும். அறிவிப்பு ஒலி ஒன்று குறுக்கே வந்தாலே எரர்தான், எனவே விமானப் பயன்முறையில் போடுங்கள். சில போன்களின் ஒலி வலு போதாது. அப்போது சிறிய ஒலிபெருக்கி ஒன்றை இடையில் வைக்க வேண்டும்.

கமடோருக்கு இது நேரடியாக ஆகாது. டேட்டாசெட் துளை தனி வகை. எஸ்டி கார்டு கருவிகள் உண்டு. எஸ்டி2ஐஇசி எளிமையானது, ஆனால் அது 1541 வட்டு இயக்கியின் உள்ளே இருந்த தனிக் கணினியை முழுவதும் நடிப்பதில்லை. தனி வேக ஏற்றி கொண்ட வட்டு விளையாட்டுகள் சில அதில் நின்றுவிடும்.

எமுலேட்டர்ல அதே கேம்தான், ஆனா பழைய மாதிரி இல்லையே?

நினைவு பொய் சொல்லவில்லை. வித்தியாசம் உண்மையாகவே இருக்கிறது, பெரும்பகுதியைச் சரிசெய்யவும் முடியும். முதல் காரணம் 50 ஹெர்ட்ஸ். ஐரோப்பிய மாடல்கள் நொடிக்கு 50 படம் காட்டின. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரே சீரான நகர்வு நொடிக்குப் பத்து முறை தடுக்கும். திரை 50 ஹெர்ட்ஸ் ஏற்குமானால் அதற்கு மாற்றுங்கள். கமடோரில் மாடலையே தவறாக அமெரிக்க வகைக்கு வைத்திருந்தால் இசையும் ஆட்டமும் ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும்.

இரண்டாவது தாமதம். பழைய குழாய் டிவியில் கை அழுத்தியதும் கண் பார்த்தது. இன்றைய டிவி படத்தை மெருகேற்றவே சில படங்களின் நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஓரங்குல விளிம்பில் நின்று தாவ வேண்டிய விளையாட்டுகளில் "என் கை மந்தமாகிவிட்டது" என்று பலர் நினைப்பது இதனால்தான். கேம் மோடு அதைக் குறைக்கும்.

மூன்றாவது ஒலி. பாப் யானஸ் வடிவமைத்த, கமடோரின் சிட் என்ற ஒலிச் சிப்பில் 6581, 8580 என இரு வகை. பழைய விளையாட்டுகளில் பேச்சும் முரசும் வால்யூமை வேகமாக மாற்றி எழுப்பியவை. 6581-ல் கணீரென்று கேட்பது 8580-ல் முணுமுணுப்பாகிவிடும். எமுலேட்டரில் 6581-ஐத் தேர்ந்தெடுங்கள். கடைசியாக, வேக ஏற்றத்தை அணைத்துவிட்டு ஒருமுறையாவது நிஜ நேரத்தில் ஏற்றிப் பாருங்கள். காத்திருந்து பெற்ற ஆட்டத்தை ஆடும் கவனமே வேறு.

ஜாய்ஸ்டிக்கைத் தொடவே இல்ல, ஆளு தானா ஓடுறான்!

ஸ்பெக்ட்ரமில் கெம்ப்ஸ்டன் வகை ஜாய்ஸ்டிக் இணைப்பு 31-ஆம் உள்ளீட்டு எண்ணில் படிக்கப்படுகிறது. அந்த இணைப்பு இல்லாதபோது விளையாட்டு அங்கே படித்தால் கிடைப்பது குப்பை மதிப்பு. எல்லாத் திசையும் அழுத்தியதாகத் தெரியும். தொடக்கத் திரையில் கெம்ப்ஸ்டனைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அல்லது எமுலேட்டரில் அந்த இணைப்பை இயக்குங்கள்.

கமடோரில் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு இரண்டாம் துளை. முதல் துளை விசைப்பலகையோடு பகிர்ந்த கம்பிகளில் இருப்பதால் அங்கே ஆட்டினால் திரையில் எழுத்துகள் கொட்டும். அது கோளாறு அல்ல. ஜாய்ஸ்டிக்கை மின்சாரம் ஓடும்போது மாட்டவோ, துளையின் முனைகளை விரலால் தொடவோ கூடாது. உடலின் நிலைமின்சாரம் உள்ளே உள்ள 6526 சிப்பைக் கொன்றுவிடும்.

ஆளு மரத்துப் பக்கம் போனா மரமும் அவன் கலருக்கு மாறுமே, ஏன்?

ஸ்பெக்ட்ரம் திரையில் 8-க்கு 8 புள்ளிக் கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டே நிறங்கள். மேலே சொன்ன 768 பைட் அதுதான்: 32 கட்டம் அகலம், 24 உயரம், கட்டத்துக்கு ஒரு பைட். ஆள் பச்சைக் கட்டத்தில் கால் வைத்தால் இருவரில் ஒருவர் நிறம் விட்டுக்கொடுக்க வேண்டும். 1984-ல் வந்த நைட் லோர் போன்றவை ஒவ்வோர் அறையையும் ஒற்றை நிறத்தில் வரைந்து இதைக் கடந்தன. நிறம் போனது இழப்புதான், ஆனால் அந்த நுணுக்கமான வரைதல் அதனால்தான் சாத்தியமானது.

48 கிலோபைட்டுக்குள்ள அவ்ளோ பெரிய கேமை எப்படி அடைச்சாங்க?

1983-ன் மேனிக் மைனரில் 20 குகைகள், குகைக்கு 1,024 பைட். அதில் 512 பைட் கட்டத்துக்கு ஒரு நிற பைட். நிறமே சுவரையும் தரையையும் முள்ளையும் பிரித்துச் சொன்னது. ஆள் எதன்மேல் நிற்கிறான் என்று அறிய விளையாட்டு அந்த நிறத்தைத்தான் படிக்கும். அடுத்த ஆண்டு அதே மேத்யூ ஸ்மித் எழுதிய ஜெட் செட் வில்லியில் கட்டத்துக்கு 2 பிட் மட்டும். அறையின் வரைபடம் 128 பைட்டில் அடங்கியது, அறை முழுவதும் 256 பைட்டில். ஒரு குகையின் இடத்தில் நான்கு அறைகள்.

1984-ல் பிபிசி மைக்ரோவில் வந்த எலைட் சேமிக்கவே இல்லை, கணக்கிட்டது. டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் மூன்று 16-பிட் எண்களை விதையாக வைத்து, முந்தையவற்றைக் கூட்டிக் கூட்டி, கிரகத்தின் பெயர், இடம், பொருளாதாரம் எல்லாம் பிறக்கச் செய்தார்கள். 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள். விதை மாறாததால் எல்லோர் வீட்டிலும் அதே கிரகம் அதே இடத்தில் இருந்தது.

இதழ்ல வந்த ப்ரோகிராமை டைப் பண்ணேன், ஓட மாட்டேங்குது.

ஓட்டும் முன் சேமித்தீர்களா? எந்திர மொழி எண்களில் ஒன்று தவறினாலும் கணினி உறைந்து, தட்டச்சு முழுவதும் போகும். சேமித்த பிறகே ஓட்டுங்கள். சில ரெக்கார்டர்களில் சேமிக்கும்போது 'இயர்' கேபிளைக் கழற்றாவிட்டால் ஒலி சுற்றிவந்து பதிவு கெடும்.

"அவுட் ஆஃப் டேட்டா" என்றால் எங்கோ ஒரு எண்ணோ காற்புள்ளியோ விட்டுப்போயிருக்கிறது. ஒவ்வொரு டேட்டா வரியிலும் எத்தனை எண் என்று எண்ணுங்கள். அச்சில் எல்லா வரியும் பெரும்பாலும் சம அளவில் இருக்கும். பூஜ்யத்துக்கு பதில் ஓ, ஒன்றுக்கு பதில் ஐ தட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்பெக்ட்ரமில் 'பிரிண்ட்' போன்ற சொற்களை எழுத்தெழுத்தாக அடித்தால் ஏற்காது; ஒற்றை விசையில் வரவேண்டும்.

போக் போட்டு உயிர் கூட்டுவாங்களே, எனக்கு வரல.

போக் என்பது நினைவகத்தின் ஒரு முகவரியில் ஓர் எண்ணை மாற்றி எழுதுவது. மேனிக் மைனரில் போக் 35136,0. ஜெட் செட் வில்லியில் போக் 35899,0. இரண்டிலும் உயிர் குறையவே குறையாது. எங்கே போடுவது என்பதில்தான் தவறு நடக்கிறது. விளையாட்டு ஏறிய பிறகு, தொடங்கும் முன் போட வேண்டும்.

அதற்கு 'லோட்' என்பதற்குப் பதில் 'மெர்ஜ்' கொடுத்து முதல் சிறு நிரலை ஏற்றுங்கள். அது தானாக ஓடாமல் நிற்கும். அதில் விளையாட்டைத் தொடங்கும் 'ராண்டமைஸ் யூஎஸ்ஆர்' என்ற கட்டளைக்குச் சற்று முன்னால் போக்கைச் சேர்த்து ஓட்டுங்கள். மெர்ஜைக் கண்டாலே உறையும்படி பாதுகாத்த விளையாட்டுகளும் உண்டு. அவற்றுக்கு எமுலேட்டரின் போக் வசதியே வழி. வேறு நிறுவனம் மறுவெளியீடு செய்த பதிப்பில் முகவரி மாறியிருக்கலாம்.

ஜெட் செட் வில்லியை உயிர் குறையாமலும் முடிக்க முடியவில்லை என்பவர்களுக்கு: உங்கள் திறமையில் குறையில்லை. முதல் வெளியீட்டில் மாடி அறைக்குள் போனால் வேறு சில அறைகளின் தகவல் அழிந்து, உள்ளே நுழைந்ததும் சாவு. மறுபடி கேசட்டிலிருந்து ஏற்றும்வரை அது தீராது. திருத்தப் போக்குகளை வெளியிட்டார்கள். திருத்திய கோப்பும் கிடைக்கிறது.

ஆரம்பத்துலயே கலர் கோடு கேக்குது. அட்டை தொலஞ்சு போச்சு.

ஜெட் செட் வில்லியோடு 180 கட்டம் கொண்ட வண்ண அட்டை வந்தது. வீடுகளில் வண்ண நகலெடுக்க வழியில்லாத காலம், அதனால் அது பூட்டாகப் பயன்பட்டது. அட்டையின் படங்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ஸ்பெக்ட்ரம் எலைட்டில் லென்ஸ்லாக் என்ற பிளாஸ்டிக் பட்டகத்தைத் திரையில் வைத்துக் கலைந்த எழுத்தைப் படிக்க வேண்டும். மிகப் பெரிய, மிகச் சிறிய டிவிகளில் அது அன்றே வேலை செய்யவில்லை. இன்று அதே வேலையைச் செய்யும் மென்பொருள் உண்டு.

இதெல்லாம் இறக்கி விளையாடறது சட்டப்படி சரியா?

கடையில் கிடைப்பதில்லை என்பதால் உரிமை காலாவதி ஆகிவிடாது. பெரும்பாலான நாடுகளில் அது படைப்பாளியின் காலத்துக்குப் பிறகும் 50 ஆண்டுகளுக்குக் குறையாமல் நீடிக்கிறது. பல படைப்பாளிகள் தங்கள் விளையாட்டுகளை இலவசமாகப் பகிர அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அனுமதி உண்டா என்று ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஸ்பெக்ட்ரமின் ரோம் (கணினிக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிந்த மென்பொருள்) தனி விஷயம்: 1986-ல், ஸ்பெக்ட்ரமைத் தயாரித்த சின்க்ளேரின் கணினித் தொழிலை வாங்கிய ஆம்ஸ்ட்ராட், எமுலேட்டர்களோடு அதை வழங்க 1999-ல் அனுமதித்தது.

மாத்தி வெச்ச கோப்புல ஒரு பைட் மட்டும் கெட்டிருக்குன்னு வருது. மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் மறுபக்கத்தையும் பதிந்து, இரு கோப்புகளையும் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் கெட்டிருப்பது அரிது. மறுபக்கம் வெற்று என்றால் அதே பக்கத்தை அசிமுத்தைச் சற்றுச் சற்றே மாற்றி மூன்று நான்கு முறை பதியுங்கள்.

அதுவும் கைகொடுக்காவிட்டால், ஸ்பெக்ட்ரம் பதிவில் ஒவ்வொரு தொகுதியின் கடைசி பைட் ஒரு சரிபார்ப்பு: முன்னால் உள்ள எல்லா பைட்டுகளையும் எக்ஸ்-ஆர் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒத்தால் 0) செய்து கிடைத்த விடை. கெட்ட பைட் ஒன்றே ஒன்றாக இருந்து, அது எந்த இடம் என்று அலைவடிவில் கண்ணால் கண்டுபிடித்துவிட்டால், அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும், தொடக்கக் கொடி பைட், சரிபார்ப்பு பைட் உட்பட, எக்ஸ்-ஆர் செய்யுங்கள். வரும் எண்ணே தொலைந்த பைட். இரண்டு பைட் கெட்டிருந்தால் இந்த வழி உதவாது. பேசிக் நிரலாக இருந்தால் சுற்றியுள்ள வரிகளைப் படித்தே என்ன எழுத்து இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பிவிடலாம்.